மதர்போட்டைப் பழுதாக்காமல் பூட்டுவது எப்படி?

கணினியைத் தானே பூட்டிப் பார்க்க விரும்பும் ஒருவருக்கு முதலில் வரும் பயம் கரண்டைப் பற்றியது. அது நியாயமான பயம். ஆனால் மதர்போட்டுக்கு ஆபத்து கரண்ட் கொடுப்பதற்கு வெகு முன்னரே, பெட்டியைத் திறக்கும் நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது. எங்கே கை படலாம், எங்கே படக்கூடாது, எதை அழுத்தியே ஆகவேண்டும், எது தொட்டாலே கெட்டுவிடும் என்று தெரிந்தால் இந்த வேலையில் முக்கால்வாசி முடிந்த மாதிரி. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைத் தாய்ப்பலகை என்று படித்திருப்பீர்கள். கடையிலும் வீட்டிலும் எல்லோரும் மதர்போட் என்றே சொல்வதால் இங்கும் அப்படியே.

உணர முடியாத மின்

பிளாஸ்ரிக் கதிரையை விட்டு எழும்பும்போதும், பிளாஸ்ரிக் பாயில் பாட்டாவைத் தேய்த்து நடக்கும்போதும், பொலியெஸ்ரர் சட்டையைக் கழற்றும்போதும் உடம்பில் மின்னேற்றம் சேர்கிறது. இதுதான் நிலைமின். சேர்ந்தது உலோகம் ஒன்றைத் தொட்டதும் ஒரே பாய்ச்சலில் வெளியேறும். அந்தப் பாய்ச்சலை விரல் உணர வேண்டுமென்றால் ஏறத்தாழ 3,000 வோல்ற் இருக்கவேண்டும். சிப்பின் உட்பகுதி பழுதாவதற்கோ சில நூறு வோல்ற் போதும். சிலவற்றுக்கு அதிலும் குறைவு. நீங்கள் எதையுமே உணராத ஒரு தொடுகையில் சிப்பு கெட்டுப்போகலாம் என்பதுதான் இதில் உள்ள வில்லங்கம்.

யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம் போனாலும் கடல் கிட்ட. காற்றில் ஈரம் கூட. அதனால் கதவுக் கைபிடியைத் தொட்டுச் சுரீரென்று கையை இழுப்பது இங்கே அரிது. இதை வைத்து “எங்கட ஊரில நிலைமின் இல்லை” என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். உணராத அளவில் அது இருக்கவே இருக்கிறது. ஏசி போட்ட அறையில் காற்று உலர்வதால் இன்னும் கூடுகிறது. நிலைமின் அடித்த போட் உடனே சாகவேண்டும் என்றுமில்லை. அரைகுறையாகப் பழுதாகி, சில மாதம் ஓடி, பிறகு காரணம் தெரியாமல் இடையிடையே நிற்கத் தொடங்கும். அப்போது யாரும் பூட்டிய நாளை நினைத்துப் பார்ப்பதில்லை.

கிணற்றடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள் என்று வையுங்கள். ஒன்றில் மட்டம் உயர்வு, மற்றதில் தாழ்வு. குழாயால் இணைத்தால் மட்டம் சமப்படும்வரை தண்ணீர் ஓடும். சமப்பட்ட பிறகு ஒரு துளியும் ஓடாது. உங்கள் உடம்பு ஒரு தொட்டி, கேசிங் (கணினியின் உலோகப் பெட்டி) இன்னொன்று, மதர்போட் மூன்றாவது. மட்டம் வேறாக இருக்கும்போது போட்டைத் தொட்டால், மின் ஓடும் குழாயாக அதிலுள்ள சிப்பே ஆகிவிடும். முதலில் எல்லாவற்றையும் தொட்டு மட்டத்தைச் சமப்படுத்திவிட்டால் ஓடுவதற்கு ஒன்றுமில்லை. நிலைமின் பாதுகாப்பு என்று சொல்லப்படும் அத்தனையும் இந்த ஒரு விடயத்தைச் செய்யும் வழிகள்தான்.

செய்முறையில் இது இலேசு. கேசிங்கை மேசையில் கிடத்தி, வர்ணம் பூசாத வெறும் உலோகத்தை ஒரு கையால் தொடுங்கள். வர்ணம் மின்னைக் கடத்தாது. பின்பக்கம் பவர் சப்ளையை (சுவர்க் கரண்டைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) பூட்டிய திருகாணித் தலை நல்ல இடம். மதர்போட்டை அதன் பையோடு எடுத்து, பையையும் கேசிங்கில் ஒருமுறை பட வையுங்கள். பிறகு பையைத் திறந்து, போட்டை விளிம்பிலோ பின்பக்கத் துறைகளின் உலோகப் பெட்டியிலோ பிடித்து எடுங்கள். எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் மறுபடி கேசிங்கைத் தொட்ட பிறகே போட்டில் கை வைக்கவேண்டும். பருத்திச் சாரமும் பருத்திச் சட்டையும் இந்த வேலைக்குத் திறம்.

மணிக்கட்டுப் பட்டி வாங்கினால் அதன் கவ்வியை வெறும் உலோகத்தில் மாட்டுங்கள். அந்த வயருக்குள் 1 மெகா ஓம் தடை ஒன்று இருக்கிறது. தவறி 230 வோல்ற்றில் கை பட்டாலும் அந்தத் தடை பட்டி வழியே ஓடும் மின்னோட்டத்தை 0.23 மில்லி அம்பியருக்குள் அடக்கிவிடும். வெறும் செப்புக் கம்பியைக் கையில் சுற்றி நிலத்தோடு இணைக்கும் வீட்டு வைத்தியத்தில் அந்தத் தடை கிடையாது, உயிருக்கே ஆபத்து. பட்டி இல்லாவிட்டால் தொட்டுத் தொட்டு வேலை செய்வதே போதும்.

போட் வந்த வெள்ளிநிறப் பையின் மேல் போட்டை வைத்து கரண்ட் கொடுத்துப் பார்ப்பது ஒரு பழைய பிழை. அந்தப் பையின் வெளிப்புறம் ஓரளவு மின் கடத்தும். போட் வந்த மட்டைப் பெட்டியே சிறந்த வேலைமேசை.

பிளக்கும் எர்த்தும்

வேலை தொடங்கும்போது பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். வெளிநாட்டு வீடியோக்கள் சிலவற்றில், பவர் சப்ளையின் சுவிச்சை மட்டும் நிறுத்தி, பிளக்கை அப்படியே விட்டால் எர்த் கிடைக்கும் என்பார்கள். அந்த வீட்டில் எர்த் ஒழுங்காக இருக்கிறது என்பது அங்கே எடுகோள். எங்கள் பழைய வீடுகளில் மூன்று துளைப் பிளக் இருந்தும் மேல் துளைக்குள் வயரே வந்திராத இடங்கள் உண்டு. கணினியின் வயரை இரண்டு முனை மாற்றியில் செருகி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு.

கேசிங்கைத் தொடும்போது கையில் எறும்பு ஊருகிற மாதிரி இலேசான அதிர்வு தெரிந்தால் அதன் காரணம் இதுதான். பவர் சப்ளையின் வாயிலில், மின் இரைச்சலை எர்த்துக்குள் வடிக்க இரண்டு சிறிய கொள்ளளவிகள் இருக்கும். எர்த் இல்லாதபோது வடிய வழியின்றி, கேசிங் 230 வோல்ற்றின் பாதியளவில், அதாவது ஏறத்தாழ 115 வோல்ற்றில் மிதக்கும். ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் விழாது. “ட்ரிப் விழேல்லை, அப்ப பிரச்சினை இல்லை” என்று விடக்கூடாது. எர்த் இல்லாத கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது ரீவியின் எச்டிஎம்ஐ வயரைச் செருகினால், அந்த மட்ட வித்தியாசம் வயர் வழியே பாய்ந்து துறையைக் கருக்கிவிடலாம். எல்லா வயரையும் செருகிய பிறகே கரண்டைப் போடுங்கள். வயரிங் செய்பவரைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபாருங்கள். வெயில் காலத்தில் நிலம் காய்ந்தால் எர்த் கம்பியைச் சுற்றிய மண்ணின் தடையும் கூடும் என்பதை அவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பிளக்கைக் கழற்றிய பின்னும் கணினியின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிளக் செருகியிருக்கும்வரை, கணினி நிறுத்தப்பட்டிருந்தாலும் போட்டுக்கு 5 வோல்ற் காத்திருப்பு மின் வந்துகொண்டே இருக்கும். அதில் மீந்ததைப் பட்டன் வடித்துவிடும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணத்துக்காகவும் திறக்கவேண்டாம். உள்ளே உள்ள பெரிய கொள்ளளவி 300 வோல்ற்றுக்கு மேல் ஏறி, பிளக் கழற்றிய பிறகும் அதை வைத்திருக்கும்.

சொக்கற்: முழு வேலையிலும் நொய்மையான இடம்

போட்டை கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் வாங்கிப் பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னாலும், யாழ்ப்பாணத்துக் கடையிலேயே வாங்கினாலும், பெட்டியைத் திறந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, சிபியு (கணினியின் மூளையான சிப்பு) உட்காரும் சொக்கற்றைப் பார்ப்பது. சிபியு செய்யும் நிறுவனங்களில், இன்ரெலின் எல்ஜிஏ 1700 சொக்கற்றில் 1,700 தொடுமுனைகள், ஏஎம்டியின் ஏஎம்5 சொக்கற்றில் 1,718. மயிர் போல மெல்லிய, வளைந்து நிற்கும் உலோக நாக்குகள் அவை. கறுப்பு மூடியைக் கழற்றி, ஃபோன் ரோச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையில் ஒரே மாதிரி மினுங்கும். நெல்வயலில் காற்று அடித்த மாதிரி ஓரிடம் மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தால் அங்கே முனை வளைந்திருக்கிறது. படம் எடுத்து அப்போதே கடைக்காரருக்கு அனுப்புங்கள். வளைந்த முனை பெரும்பாலும் உத்தரவாதத்துக்குள் வராது. நீங்கள் வளைக்கவில்லை என்று பிறகு நிரூபிக்க வழியில்லை.

சிபியுவைப் பக்க விளிம்புகளில் மட்டும் பிடியுங்கள். ஒரு மூலையில் சிறிய முக்கோணக் குறி. சொக்கற்றிலும் அதே குறி. பக்கத்து வெட்டுகளும் பொருந்தவேண்டும். மேலிருந்து நேராக இறக்கி வையுங்கள். வைத்த பிறகு இழுத்துச் சரிசெய்யக்கூடாது, அந்த இழுவையில்தான் முனைகள் மடிகின்றன. பிறகு நெம்புகோலை இறக்கும்போது நல்ல இறுக்கம் தெரியும், கிறீச் என்று சத்தமும் வரலாம். புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் பயந்து நிறுத்துகிறார்கள். சிபியு குறிப்படி சரியாக உட்கார்ந்திருந்தால் அந்த இறுக்கம் இயல்பானது. கறுப்பு மூடியை முன்பு கழற்றாமல் விட்டிருந்தால் அது இப்போது தானாகக் கழன்று வரும். அதை எறியாமல் பெட்டியில் போட்டு வையுங்கள்; போட்டைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் கேட்பார்கள்.

ஏஎம்டியின் பழைய ஏஎம்4 வகையில் விடயம் தலைகீழ். 1,331 முனைகளும் சிபியுவின் அடியில் இருக்கும். நெம்புகோலை நிமிர்த்தினால் சிபியு தன் சொந்தப் பாரத்திலேயே உள்ளே இறங்கவேண்டும். விரலால் அழுத்த நேர்ந்தால் எங்கோ முனை வளைந்திருக்கிறது. இந்த வகையில் ஹீற்சிங்கை (சிபியுவின் சூட்டை வாங்கும் உலோகக் கட்டி) கழற்றும்போது, இடையில் பூசிய சூடு கடத்தும் பேஸ்ற் காய்ந்து ஒட்டி, சிபியுவையும் சேர்த்து சொக்கற்றிலிருந்து பிடுங்கிவிடும். கழற்றுவதற்கு முன் கணினியைச் சில நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஹீற்சிங்கை இடமும் வலமும் மெதுவாகத் திருகி இளக்கிய பிறகே மேலே தூக்கவேண்டும். பழைய கணினி வாங்கித் திருத்துபவர்கள் இதை நினைவில் வைத்திருக்கவேண்டும்.

போட் இன்னும் வெளியில் இருக்கும்போது

ராமை (கணினியின் தற்காலிக நினைவகம்) செருகப் பலம் வேண்டும். ராமின் இரண்டு தலைமுறைகளான டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 முனைகள்தான், ஆனால் வெட்டு இருக்கும் இடம் வேறு. ஒன்று மற்றதற்குள் போகாது, போகவும் விடக்கூடாது. வெட்டைப் பொருத்திப் பார்த்து, இரண்டு நுனியிலும் கட்டைவிரலால் டக் என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். நான்கு துளை உள்ள போட்டில் இரண்டு ராம் என்றால், பொதுவாக சிபியுவிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும். அடுத்தடுத்துப் போட்டால் பொதுவாக ஒரே தடத்தில் ஓடி வேகம் குறையும்.

தரவைச் சேமிக்கும் மெல்லிய பலகையான எம்.2 எஸ்எஸ்டியைச் சரிவாக, ஏறத்தாழ 30 பாகையில் செருகி, மற்ற நுனியைப் படுக்கவைத்துச் சிறிய திருகாணியால் பூட்டவேண்டும். அதன் அளவு 2280 என்றால் 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம். அதன் மேல் வரும் உலோகத் தகட்டின் அடியிலுள்ள மெல்லிய பிளாஸ்ரிக் தாளை உரிக்க மறப்பவர்கள் பலர்.

பேஸ்ற் ஒரு பயறு அளவு போதும். எல்ஜிஏ 1700 சிபியு நீள்சதுரமாக இருப்பதால் சிறிது கூட, நீளவாக்கில் ஒரு கோடாக விடலாம். ஹீற்சிங்கோடு பேஸ்ற் பூசியே வந்திருந்தால் வேறு பூசவேண்டாம். இன்ரெலின் பெட்டியோடு வரும் ஹீற்சிங்குக்கு நான்கு பிளாஸ்ரிக் கால்கள். எதிரெதிர் மூலைகளை ஒன்றாக அழுத்திப் பூட்டி, போட்டைப் பக்கவாட்டில் தூக்கி, அடியில் நான்கு நுனியும் வெளியே வந்து விரிந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். மூன்று கால் பிடித்து ஒன்று தொங்கும் ஹீற்சிங்தான், ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் கணினி சூடேறி நிற்பதற்குப் பழக்கமான காரணம். கேசிங்குக்குள் பூட்டிய பிறகு இதைப் பார்க்கவே முடியாது. ஃபான் வயர் ‘சிபியு ஃபான்’ என்று எழுதிய முனையில் போகவேண்டும். வேறு இடத்தில் செருகினால் பல போட்டுகள் ஃபான் இல்லை என்று சொல்லித் தொடங்க மறுக்கும்.

இப்போதே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதை மிகவும் வற்புறுத்துகிறோம். மட்டைப் பெட்டி மேல் போட், சிபியு, ஹீற்சிங், ஒரே ஒரு ராம், பவர் சப்ளையின் 24 முனை வயரும் சிபியுவுக்கான 8 முனை வயரும். சிபியுவில் படம் தரும் பகுதி இருந்தால் மொனிற்றரும். இன்ரெலில் எண்ணின் முடிவில் எஃப் எழுத்து இருந்தால் அந்தப் பகுதி இல்லை. தனி கிறாஃபிக் காட் வேண்டும். பவர் பட்டன் முனைகள் இரண்டையும் ஸ்குரூ ட்றைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் கணினி ஓடும். இங்கே படம் வந்து, கேசிங்குக்குள் போன பிறகு வராவிட்டால் பிழை கேசிங்கில். இந்தப் பத்து நிமிடம் பிறகு ஒரு முழு நாளை மிச்சப்படுத்தும்.

கேசிங்குக்குள்

கேசிங்கின் அடித்தகட்டில் நிற்கும் பித்தளைக் கால்கள்தான் போட்டைத் தகட்டிலிருந்து உயர்த்தி வைப்பவை. போட்டின் அடியில் ஆயிரக்கணக்கான ஈயப் பற்றுகள் வெறுமையாக இருக்கின்றன; ஒரு கால் துளை இல்லாத இடத்தில் நின்றால் அது அந்தப் பற்றுகளை நேரே கேசிங்கோடு இணைத்துவிடும். போட்டுகளில் ஏரிஎக்ஸ் என்ற அளவு 305 க்கு 244 மில்லிமீற்றர், மைக்ரோ ஏரிஎக்ஸ் 244 க்கு 244. பெரிய போட்டுக்குப் போட்ட கால்களோடு சிறியதை வைத்தால் ஒன்றிரண்டு கால் அந்நியமாக நிற்கும். முதலில் போட்டின் துளைகளை எண்ணுங்கள், பிறகு கால்களை எண்ணுங்கள், கூடுதலானதைக் கழற்றுங்கள். துறைகளைச் சுற்றி வரும் பின்பக்கத் தகட்டை முதலில் பொருத்தவேண்டும். அதன் நாக்கு ஒன்று யூஎஸ்பி துளைக்குள் மடிந்து போவது வழமை.

திருகாணிகள் எல்லாவற்றையும் முதலில் இலேசாகச் செருகி, நடுவிலிருந்து தொடங்கி இறுக்குங்கள். போட் அசையாமல் நின்றால் போதும், கையின் முழுப் பலமும் வேண்டாம். ஸ்குரூ ட்றைவர் நட்சத்திர முனை, இரண்டாம் அளவு, நுனி காந்தமாக இருந்தால் நல்லது. காந்தம் மதர்போட்டைக் கெடுக்காது. நுனி வழுக்கிப் போட்டைக் கீறினால் கண்ணுக்குத் தெரியாத செப்புத் தடம் அறுந்துவிடும். எடுத்த திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் எண்ணி வையுங்கள். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை கரண்ட் கொடுக்கக்கூடாது.

வயர்களில் ஒரு கண்டிப்பு. சிபியுவின் 8 முனையும் கிறாஃபிக் காட்டின் 8 முனையும் பார்வைக்கு ஒன்று போல. உள்ளே 12 வோல்ற்றும் எர்த்தும் இடம் மாறியிருக்கும். துளைகளின் வடிவம் வேறு என்பதால் சாதாரணமாகப் போகாது. பலம் கொடுத்துச் செருகினால் போகும், புகையும் வரும். 4 உம் 4 உமாகப் பிரியும் வயர் சிபியுவுக்கு, 6 உம் 2 உமாகப் பிரிவது காட்டுக்கு. வயர் கழற்றக்கூடிய பவர் சப்ளை என்றால் அதனோடு வந்த வயரை மட்டும் பாவியுங்கள். இன்னொன்றின் வயர் வெளித்தோற்றத்தில் பொருந்தினாலும் பவர் சப்ளைப் பக்க முனைகளின் வரிசை வேறாக இருக்கலாம். வன்தட்டும் எஸ்எஸ்டியும் ஒரே நொடியில் போய்விடும்.

முன்பக்கச் சிறு வயர்களில் பவர், ரீசெற் பட்டன்களுக்குத் திசை இல்லை. விளக்குகளுக்கு உண்டு, மாறிச் செருகினால் எரியாது, கெடவும் கெடாது. யூஎஸ்பி 3 இன் 19 முனைச் செருகி மட்டும் கோணலாக அழுத்தினால் போட்டிலுள்ள ஊசிகள் சாய்ந்துவிடும்.

ஓடாவிட்டால்

ஃபான் ஒரு சுற்றுச் சுற்றி நின்றால், அடியில் உள்ள அந்நியக் காலையோ விழுந்த திருகாணியையோ தேடுங்கள். ஃபான் தொடர்ந்து சுற்றியும் படம் வராவிட்டால், சிபியுவின் 8 முனை வயரைப் பாருங்கள், பிறகு ராமைக் கழற்றி அழுத்திப் போடுங்கள். கிறாஃபிக் காட் போட்டுவிட்டு மொனிற்றரைப் போட்டின் துறையில் செருகியிருப்பதும் மிகச் சாதாரணமாக நடப்பது. டிடிஆர்5 என்றால் முதல் தடவை ராமைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கும். அதற்குள் அவசரப்பட்டு நிறுத்தவேண்டாம். பல போட்டுகளில் சிபியு, ராம், படம், தொடக்கம் என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது எரிந்தபடி நிற்கிறதோ அதில் தொடங்குங்கள்.

பூட்டி முடித்த பிறகு இந்த ஊர்க் காற்று மிச்ச வேலையைச் செய்யும். குருநகர், வல்வெட்டித்துறை போலக் கடலோரத்தில் உப்புக் காற்று பின்பக்கத் தகட்டிலும் துறைகளிலும் துருவேற்றும். கணினியை யன்னலுக்கு நேரே வைக்கவேண்டாம். சோளகக் காற்று தொடங்கினால் செம்பாட்டுப் புழுதி ஹீற்சிங்குக்குள் நிறையும். பிளக்கைக் கழற்றி, ஃபானை விரலால் பிடித்துக்கொண்டு ஊதி எடுங்கள். பின்பக்கத்தில் காட் இல்லாத வெற்றுத் துளைகளைத் தகட்டால் மூடிவிடுங்கள். சூட்டைத் தேடிப் பல்லி உள்ளே போய் முனைகளின் மேல் கிடந்து செத்தால் அது மின்சாரச் சுருக்குத்தான். இடி மின்னல் நேரம் பிளக்கோடு இணைய வயரையும் கழற்றவேண்டும், மின்னல் பாய அந்தத் துறையும் ஒரு வழி. நேரமும் திகதியும் ஒவ்வொரு நாளும் பின்னுக்குப் போனால் போட்டிலுள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ற் நாணய பற்றறி முடிந்துவிட்டது. மணிக்கூட்டுக் கடையிலேயே கிடைக்கும். எழுத்துள்ள பக்கம் மேலே வரும்படி போடுங்கள்.